பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் பல்கலைக்கழக மாணவர் அரங்கும்

பருத்தித்துறையை அடுத்த புலோலியில் 1903இல் பிறந்த க. கணபதிப்பிள்ளை, கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தாயகம் மீண்டு கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கற்பித்த காலத்தில், தமிழ்ச் சங்க மாணவர் நடிப்பதற்கென நாடகங்களை எழுதினார். அவற்றுள் நான்கு ‘நானாடகம்’ என்னும் பெயரில் 1940இல் நூலாயின.

பேச்சுவழக்கைக் கொச்சையெனப் புலமையுலகு பெரிதும் ஒதுக்கிய நாளில், யாழ்ப்பாண மக்களின் பேச்சை ஒலிப்பு மாறாமல் உரையாடலாக்கியமை இந்நாடகங்களின் சிறப்பு. வீட்டிலும் ஊரிலும் வழங்கிய மொழியையே மாணவர் பல்கலைக்கழக மேடையிற் பேசினர். தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே எழுதியமையால் அம்மொழிக்குப் புலமைசார் ஏற்பும் வாய்த்தது. சாசனங்களின் மொழியை அது வழங்கியவாறே நோக்கிப் பழகிய மொழியியலாளருக்கு இது இயல்பான அடுத்த படி எனலாம். எனினும், அவருடைய வரலாற்று நாடகமான ‘சங்கிலி’ (1956) செந்தமிழ் நடையில் அமைந்தது. எனவே பேச்சுவழக்கை அவர் நாடகப் பொருளுக்கும் பாத்திரத்துக்கும் ஏற்பவே தெரிந்துகொண்டார் என்பது புலனாகும்.

அவர்தம் மாணவர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். கிராமத்து வழக்காறு பல்கலைக்கழக அரங்கில் இடம்பெறுவதற்கு ஆசிரியரின் நாடகங்கள் முன்னரே வழி திறந்திருந்தன. கணபதிப்பிள்ளை 1968இல் மறைந்தார்.