வில்லிபுத்தூர்க் கதையை விளைத்த வேந்தர்

கதை புனைவோரை நோக்கி எக்காலத்தும் எழும் வினா ஒன்றுண்டு. இக்கதைக்குரிய கரு எங்கிருந்து கிடைத்தது என்பதே அது. திருத்தக்கதேவரைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தியும் இவ்வினாவைத் தொட்டே நிற்கிறது. துறவைப் பாட வல்ல சமண முனிவர்க்கு இன்பச் சுவையைப் பாட இயலுமோ என மதுரைப் புலவர் சிலர் ஐயுற்றனராம். சிந்தாமணியைத் தொடங்குமுன் மாணவரின் ஆற்றலை அறிய விரும்பிய ஆசிரியர், அவ்வழியே ஓடிய நரி ஒன்றைக் காட்டி, அதனைப் பொருளாக வைத்துப் பாடுமாறு பணித்தாராம். அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம் என்பர். ஓடிய நரியைக் கண்டோர் பலர். அதில் நிலையாமையைக் கண்டவர் ஒருவரே. கரு சிறிதாயினும், அதனைப் பேணி வளர்க்கும் உள்ளமே பெரிது என்பதை அச்செய்தி உணர்த்துகிறது.

இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கும் மற்றொரு வாழ்க்கை, விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயருடையது. அவர் எழுதிய தெலுங்குக் காப்பியத்தின் களம் தெலுங்கு நாடன்று. நம் விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராசபாளையத்தில் இன்றும் தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல வாழ்கின்றன. விசயநகர ஆட்சிக் காலத்தையொட்டித் தம் முன்னோர் தெற்கே வந்து குடியேறினர் என்பது அவர்தம் மரபு. தமிழ்க் கதையும் தெலுங்கு மொழியும் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அடுத்தடுத்து வாழும் இந்நிலப்பகுதிக்கு அவ்வேந்தரின் நூல் பொருத்தமான இலக்கியச் சின்னமாகும்.

அரியணையும் அவையும்

கிருஷ்ணதேவராயர் துளுவ மரபினர். தந்தை நரச நாயக்கர், தாய் நாகலாம்பாள். தமையன் வீரநரசிம்மருக்குப் பின் 1509ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். அமைச்சர் சாளுவ திம்மரசர் அவருக்குத் தந்தையின் நிலையிலிருந்து வழிகாட்டினார். அரசர் அவரை அப்பாசி என்றே அழைத்ததாக மரபுவழிச் செய்திகள் கூறும்.

1514இல் உதயகிரியும் 1515இல் கொண்டவீடும் அவர் வசமாயின. 1520இல் இராய்ச்சூர்ப் போரில் பீசப்பூர் சுல்தானை வென்றார். அக்காலத்தில் விசயநகரம் வந்திருந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயஸ், அரசரை நேரிற் கண்டு குறிப்பு எழுதியுள்ளார். நடுத்தர உயரமும் சற்றே பருத்த உடலும் முகத்தில் அம்மைத் தழும்பும் உடையவர் என்பது அக்குறிப்பு. பொழுது விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் பருகி, உடலெங்கும் எண்ணெய் பூசி, வாள் சுழற்றி, மற்போர் செய்து, பின் குதிரையேறி வெளியிற் சுற்றிவருவது அவர்தம் அன்றாட ஒழுக்கம் என்றும் பயஸ் எழுதுகிறார்.

இத்தகைய போர்வீரரின் அவையில் அல்லசானி பெத்தனா, நந்தி திம்மனா, தூர்சடி முதலிய தெலுங்குப் புலவர்கள் வீற்றிருந்தனர். அரசரும் வடமொழியில் நூல்கள் இயற்றினார். அவற்றுள் ஜாம்பவதீ கல்யாணம் என்னும் நாடகம் இன்றும் கிடைக்கிறது. எழுத்து அவருக்குப் புதிதன்று. தம் உள்ளம் முழுவதையும் ஈர்க்கும் ஒரு கதை மட்டும் அதுவரை வாய்க்கவில்லை.

ஸ்ரீகாகுளத்து இரவு

அக்கதை வாய்த்த விதத்தை அவரே தம் நூலின் முன்னுரைப் பகுதியிற் பதிந்துள்ளார். கலிங்கத்தின்மேற் படையெடுத்துச் சென்றபோது விசயவாடையில் சில நாள் தங்கினார். அங்கிருந்து கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள ஸ்ரீகாகுளம் சென்று ஆந்திர மகாவிஷ்ணுவை வழிபட்டார். திருமாலுக்குரிய நோன்பு நாளில் உண்ணாதிருந்து, இரவின் கடைச்சாமத்தில் கண்ணயர்ந்தார். அப்பொழுது கனவில் இறைவன் தோன்றினார். சூடிய மாலையைத் தமக்களித்த கோதையைத் தாம் திருவரங்கத்தில் மணந்த கதையைத் தெலுங்கில் எழுதுமாறு பணித்தார். நூலைத் திருமலை வேங்கடவனுக்குக் காணிக்கையாக்குமாறும் கூறினார். வடமொழியில் முன்னரே பல நூல்கள் செய்தவர்க்குத் தெலுங்கில் ஒன்று செய்தல் அரிதாகுமோ என்பது கனவிற் கேட்ட வினா. விடிந்ததும் அரசர் சான்றோரை அழைத்துக் கனவைச் சொல்ல, அவர்கள் அதனை நன்னிமித்தமெனப் போற்றினர்.

இதனைத் தெய்வ அருள் என்போரும் உளர். நெடுநாள் உள்ளத்திற் கிடந்த விழைவு கனவாய் மலர்ந்தது என்போரும் உளர். எவ்வாறு கொள்ளினும், அக்கரு வந்த வேளை கருதத்தக்கது. போர் ஆரவாரத்துக்கிடையே ஒரு பகல் உணவையும் ஒதுக்கி, உள்ளத்தை அமைதிப்படுத்திய இரவில் அது வந்தது. வந்ததை அவர் மறக்கவில்லை. மறுநாளே பிறரிடம் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார்.

அவர் தேர்ந்த கதையும் வியப்புக்குரியது. துளுவ மரபில் வந்து, கன்னட நிலத்துத் தலைநகரில் ஆண்ட வேந்தர், தமிழ்நாட்டுக் கதையைத் தெலுங்கு மொழியில் எழுதத் துணிந்தார். தம் வெற்றிகளைப் பாடிக்கொள்ள எல்லா வாய்ப்பும் பெற்றிருந்தவர், பூத்தொடுத்து வாழ்ந்த ஒருவரின் மகளைத் தலைவியாக்கினார். நூலின் பெயர் ஆமுக்தமால்யதா. சூடிக்கொடுத்தவள் என நாம் வழங்கும் தொடரின் பொருளே அது.

கரு வளர்ந்த விதம்

துளசி வனத்திற் கிடைத்த குழந்தை, அதனை வளர்த்த பெரியாழ்வார், அவள் சூடிக்கொடுத்த மாலை, திருவரங்கத் திருமணம் என இக்கதை வைணவ குருபரம்பரை நூல்களிற் சுருங்கக் காணப்படும் ஒன்று. இதனை ஆறு ஆசுவாசங்கள் கொண்ட காப்பியமாக அரசர் வளர்த்தார். வளர்த்த முறையை நோக்கின் மூன்று வழிகள் புலனாகின்றன.

முதலாவது, ஊரையும் உணவையும் உற்று நோக்கியமை. நூலில் வரும் வில்லிபுத்தூர் கற்பகச் சோலையன்று. வயலும் வாய்க்காலும் உடைய ஊர். விடியற்காலை வாய்க்கால் ஓரத்தில் தலையைச் சிறகுக்குள் புதைத்து உறங்கும் வாத்துகளை ஊர்க் காவலர் காண்கின்றனர். நீராடச் சென்ற அந்தணர் பிழிந்துவைத்து மறந்த ஆடைகள் எனக் கருதி எடுக்க இறங்குகின்றனர். வாத்துகள் பறந்தோட, நெல் காக்கும் பெண்கள் நகைக்கின்றனர். பெரியாழ்வார் வீட்டு விருந்தோம்பலும் அவ்வாறே. அடைமழைக் காலத்தில் ஈர விறகு எரியாமையால் தேங்காய் ஓட்டை எரித்துச் சமைத்து அடியார்க்கு உணவிட்ட செய்தியை அரசர் மறவாது குறிக்கிறார். அரண்மனையில் வாழ்ந்தவர் அடுப்பங்கரையின் இடர்ப்பாட்டையும் அறிந்திருந்தார்.

இரண்டாவது, கிளைக் கதைகளைத் தேடிச் சேர்த்தமை. ஒரு கருவை மட்டும் இழுத்து நீட்டாமல், அதற்கு உறவான கதைகளை அருகில் நட்டார். வழிப்போக்கன் ஒருவன் பாடிய சிறு பாட்டு, பரத்தை வீடு நோக்கிச் சென்றுகொண்டிருந்த பாண்டியன் செவியில் விழுகிறது. மழைக்காலத்துக்கு வேண்டுவதை மற்ற மாதங்களிலும், முதுமைக்கு வேண்டுவதை இளமையிலும், மறுமைக்கு வேண்டுவதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அப்பாட்டின் கருத்து. மன்னன் அன்றே மனம் மாறுகிறான். ஆறாம் ஆசுவாசத்தில் வரும் மாலதாசரி கதை, திருக்குறுங்குடி நம்பாடுவான் வரலாற்றைத் தழுவியது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அவ்வடியார், தம்மை உண்ண நின்ற பேயிடம், இறைவனைப் பாடித் திரும்புவதாகச் சொல்லிச் செல்கிறார். சொன்ன சொல் தவறாது திரும்பி வருகிறார். பேயும் நற்கதி பெறுகிறது. வாய்மையின் உயர்வை இத்துணை எளிமையாக விளக்கும் கதைகள் சிலவே. இக்கிளைகளுட் சில தழைத்த பின்னரே, ஐந்தாம் ஆசுவாசத்தில் கோதை தோன்றுகிறாள். தலைவியைக் காட்ட அரசர் விரையவில்லை.

மூன்றாவது, தம் வாழ்வின் அனுபவத்தையே உரமாக இட்டமை. நான்காம் ஆசுவாசத்தில் யாமுனர் தம் மகனுக்கு அரச நீதி உரைக்கும் பகுதி உள்ளது. நாடு பரப்பிற் சிறிதாயினும் குளமும் கால்வாயும் வெட்டி, ஏழை உழவர்க்கு வரியைக் குறைத்தால் செல்வம் பெருகும் என்கிறது அப்பகுதி. துறைமுகங்களைச் சீர்செய்து வணிகத்தை வளர்க்க வேண்டும், புயலால் கரை ஒதுங்கிய அயல்நாட்டு மாலுமிகளைப் பேண வேண்டும் என்றும் கூறுகிறது. இவை ஏட்டிலிருந்து மட்டும் எடுத்தவையல்ல. அரசர் தலைநகரருகே பெரும் ஏரி ஒன்று வெட்டுவித்ததைப் பயஸ் நேரிற் கண்டு எழுதியுள்ளார். படைக்கு வேண்டிய குதிரைகள் மேலைக் கடல் துறைகள் வழியே வந்தன. கதையில் முனிவர் பேசுகிறார். பேச்சின் பொருள் அரசரின் அன்றாடத் தொழில்.

இந்நூலைப் பெத்தனாவே எழுதித் தந்திருக்கலாம் என்றோர் ஐயம் ஒருகாலத்தில் எழுந்ததுண்டு. பெத்தனாவின் நடை இனிய ஓட்டமுடையது. இந்நூலின் நடையோ செறிவும் கடுமையும் மிக்கது. அந்நடை வேறுபாடும் மேற்கூறிய அனுபவச் செய்திகளும் ஆசிரியர் அரசரே என்பதற்குச் சான்றாகின்றன.

சமயப் பொறை

வைணவப் பற்றாளர் எழுதிய நூலாதலின், பெரியாழ்வார் பிற தரிசனங்களை மறுத்து வாதிடும் பகுதியும் இதில் உண்டு. எனினும் கதையில் நிகழும் வாதத்தை அவர் நாட்டில் நடத்தும் ஆட்சியாக்கவில்லை. விசயநகரத் தலைநகரில் சமணத் தளபதி இருகப்பர் முன்னரே எழுப்பிய குந்துநாத சினாலயம் நின்றது. அதே இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் சங்கீத மண்டபம் கட்டிய திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலுக்குக் கிருஷ்ணதேவராயரும் கொடை வழங்கினார். அக்கோயிற் கல்வெட்டு அதனைத் தெரிவிக்கிறது. சினகாஞ்சிக்குச் செல்லும் நம் குடும்பத்தார், அம்மண்டபத்து ஓவியங்களோடு அக்கொடையையும் நினைவு கூர்தல் தகும்.

இறுதி ஆண்டுகள்

கதையில் எழுதிய அறம் வாழ்விலும் ஒருவரைச் சோதிக்கும். மரண தண்டனை பெற்றோர்க்கு முறையிட மும்முறை வாய்ப்பளிக்க வேண்டும் என அந்நூலின் அரச நீதி கூறும். 1524ஆம் ஆண்டையொட்டி அரசர் தம் இளம் மைந்தன் திருமலைராயனுக்கு முடிசூட்டினார். சிறிது காலத்தில் மைந்தன் மாண்டான். நஞ்சூட்டப்பட்டதாகச் செய்தி பரவியது. பழி திம்மரசர் குடும்பத்தின்மேல் விழுந்தது. தந்தை போன்ற அம்முதிய அமைச்சரை அரசர் சிறையிலிட்டுக் கண்களைப் பறித்தார் என்று போர்ச்சுகீசியர் நூனிஸ் எழுதுகிறார். துயரமும் சினமும் மேலிட்ட வேளையில், எழுதியவரின் கைக்கே அவர் எழுத்து எட்டாமற் போயிற்று. புகழ் பாடும் வரலாறுகள் விரைந்து கடக்கும் இடம் இது. கதைக் கருவைப் பேணுதல் ஓர் உழைப்பு. அக்கதையின் அறத்தைப் பேணுதல் அதனினும் அரிய உழைப்பு.

1529இல் அரசர் மறைந்தார். இளவல் அச்சுதராயர் ஆட்சிக்கு வந்தார். 1565ஆம் ஆண்டுப் போரில் விசயநகரப் படை வீழ்ந்தது, தலைநகரும் அழிந்தது. அவர் வென்ற கோட்டைகள் கைமாறிச் சிதைந்தன. ஸ்ரீகாகுளத்தில் ஓர் இரவு உள்ளத்தில் விழுந்த வித்து மட்டும் அழியவில்லை. ஆமுக்தமால்யதா தெலுங்கின் பெருங்காப்பியங்களுள் ஒன்றாக இன்றும் கற்கப்படுகிறது.

புதிதாய் எழுத விழையும் இளையோர், கதைக்கு அரிய கரு வேண்டுமெனத் தொலைவில் தேடி அலைகின்றனர். வீட்டுப் பெரியோர் சொல்லும் ஒரு வரிச் செய்தியும் கருவாகலாம். அதனைக் குறித்துவைத்தல், அதற்கு உறவான கதைகளைத் தேடல், தாம் கண்டறிந்த வாழ்வை அதில் இடல், விரையாதிருத்தல் ஆகிய நான்கும் அவ்வேந்தர் கைக்கொண்ட நெறி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோதை சூடிய மாலை, திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டுதோறும் இன்றும் அனுப்பப்படுகிறது. திருமலைக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்நூலின் களமும் அவ்வூரே.