மைதானம் கூட்டிய பாலு: இங்கிலாந்தில் 114 விக்கெட் எடுத்தவரின் கதை

சர்ச்கேட் போகும் லோக்கல் ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். சர்னி ரோடு தாண்டியதும் வலது பக்கம், கடலை ஒட்டி, வரிசையாக விளையாட்டு மைதானங்கள் தென்படும். அவற்றில் ஒன்று இந்து ஜிம்கானா. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும் நமக்கு அதை நின்று பார்க்க நேரம் ஏது? மரைன் லைன்ஸ் வந்துவிடும். அடுத்தது சர்ச்கேட். இறங்கி ஓட வேண்டியதுதான்.

ஆனால் அந்த ஜிம்கானாவுக்காகப் பந்து வீசிய ஒரு மனிதரின் வரலாற்றை, ஊரை விட்டு வந்து உழைத்துப் பிழைக்கும் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மாதம் மூன்று ரூபாய் சம்பளத்துக்கு மைதானம் கூட்டியவர் அவர். பிறகு இந்தியாவின் தலைசிறந்த பந்து வீச்சாளர் என்று பெயர் எடுத்தார். ஆனாலும் அவர் சார்ந்த அணிக்கு அவரைத் தலைவராக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் பெயர் பல்வங்கர் பாலு.

மூன்று ரூபாய் சம்பளம்

பாலு 1876-ம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் வேலை செய்யும் சமார் வகுப்பைச் சேர்ந்த குடும்பம். கொங்கணத்தில் உள்ள பல்வன் என்ற ஊர்தான் பூர்வீகம். அதனால் பல்வங்கர் என்ற பெயர் வந்தது. தகப்பனார் ராணுவத்தில் வேலை பார்த்தவர். புனாவில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் ஆடிவிட்டுத் தூக்கி எறிந்த பழைய மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினார்கள்.

படிப்பு அதிகம் இல்லை. குடும்பத்துக்கு வருமானம் வேண்டும். புனாவில் பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில் பாலு வேலைக்குச் சேர்ந்தார். ஆடுகளத்தைக் கூட்டுவதும் உருளை இழுப்பதும் வேலை. சம்பளம் மாதம் மூன்று ரூபாய்.

1892-ல் வெள்ளைக்காரர்களின் புனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் ஒரு ரூபாய் கூடி நான்கு ரூபாய் ஆனது. ஆடுகளம் உருட்ட வேண்டும். கோடு போட வேண்டும். பயிற்சிக்கு வலை கட்ட வேண்டும். தேவைப்பட்டால் டென்னிஸ் மைதானத்துக்கும் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் துரை ஒருவர் பாலுவிடம் பந்தைக் கொடுத்து வலையில் வீசச் சொன்னார். அதுவே பாலுவின் வாழ்வில் திருப்பம். இடது கையால் மெதுவாக வீசும் சுழல் பந்து. ஒன்று உள்ளே திரும்பும், இன்னொன்று வெளியே போகும். எந்தப் பந்து எப்படித் திரும்பும் என்று மட்டை பிடித்தவருக்குப் புரியாது.

அந்தக் காலத்தில் புனாவில் கிரெய்க் என்ற ராணுவ கேப்டன் பெரிய ஆட்டக்காரர். மற்றவர்களுக்கு முன்பே மைதானத்துக்கு வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பழகுவார். தன்னை ஒரு முறை அவுட் ஆக்கினால் எட்டணா பரிசு கொடுப்பார் என்று சொல்வார்கள். நான்கு ரூபாய் சம்பளக்காரருக்கு எட்டணா என்பது சிறிய தொகையா?

இப்படி மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் வீசி வீசியே பாலு தேர்ந்தார். ஆனால் மட்டை பிடிக்க அவருக்கு யாரும் வாய்ப்பு தரவில்லை. பந்து வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது துரைமார்களின் உரிமை என்று இருந்த காலம் அது.

வெளியே தேநீர்

புனாவில் இருந்த இந்துக்களின் அணிக்கு வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. பாலுவின் திறமை ஊருக்கே தெரிந்திருந்தது. ஆனால் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் வெற்றி மீது இருந்த ஆசைதான் வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். அதில் தீட்டு ஒன்றும் வரவில்லை. ஆட்டம் நின்று தேநீர் வேளை வந்ததும் கதை மாறியது. மற்றவர்கள் கட்டடத்துக்குள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண் குவளையில் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேஜை. முகம் கழுவ வேண்டும் என்றால் அவர் வகுப்பைச் சேர்ந்த வேலைக்காரர் ஒருவர் வந்து தண்ணீர் ஊற்றுவார்.

நம் ஊர் டீக்கடைகளில் இருந்த இரட்டைக் குவளை முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாலு வாய் திறக்கவில்லை. பந்து வீசினார். விக்கெட்டுகள் விழுந்தன. சாத்தாராவில் வெள்ளைக்காரர் அணியோடு ஓர் ஆட்டம். பாலுவின் சுழலுக்குப் பயந்து, பந்து திரும்பாதபடி ஆடுகளத்தை வாரக்கணக்கில் உருட்டிக் கெட்டிப்படுத்தி வைத்தார்கள். அந்தக் களத்திலும் பாலு 7 விக்கெட் எடுத்தார்.

அதன் பிறகு புனாவின் பெரியவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பொதுக்கூட்டத்தில் அவரைப் பாராட்டினார். கூட விளையாடலாம் என்றால் கூட உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாமே என்று மற்ற ஆட்டக்காரர்களுக்குச் சுட்டிக் காட்டினார். பாலகங்காதர திலகரும் பாலுவைக் கௌரவித்தார்.

பம்பாய்க்கு வந்தார்

பிளேக் நோய் ஆட்டிப்படைத்த காலம். பாலு 1896-ல் பம்பாய் வந்து சேர்ந்தார். பிழைப்புக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. ரயில்வே அணிக்காக ஆடினார். இந்து ஜிம்கானாவிலும் சேர்ந்தார். அங்கும் முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் புனாவை விட பம்பாய் கொஞ்சம் பரவாயில்லை. நாளடைவில் அணியினர் அவரோடு ஒன்றாக அமர்ந்து உணவருந்தும் நிலை வந்தது.

1906-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பம்பாயில் இந்துக்கள் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதின. பாலுவும் சிவராமும் ஆடினார்கள். இந்துக்கள் 109 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். ஆளும் துரைமார்களை அவர்கள் ஆட்டத்திலேயே தோற்கடித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அந்த வெற்றிக்கு ஆணிவேர் பாலுவின் பந்து வீச்சு.

அடுத்த ஆண்டே பார்சிகளையும் சேர்த்து மும்முனைப் போட்டி ஆரம்பமாயிற்று. 1912-ல் முஸ்லிம் அணியும் சேர்ந்து நான்முனைப் போட்டி ஆனது. இன்றைக்கு ஒரு பெரிய ஆட்டம் என்றால் எப்படிக் கூட்டம் கூடுமோ அப்படி அன்று மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

கடல் கடந்து போனார்

1911-ல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். ராஜாவும் மைதானம் கூட்டியவரும் ஒரே அணியில்! பாலுவுக்கு அப்போது வயது 35. பந்து வீசும் தோளில் வலி வேறு.

அந்தப் பயணத்தில் இந்திய அணி தோற்ற ஆட்டங்களே அதிகம். 23 ஆட்டங்களில் 15 தோல்வி, 6 வெற்றிதான். ஆனால் பாலு மட்டும் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். லெஸ்டர்ஷயர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 11 விக்கெட். அதில் இந்தியா வென்றது. சாமர்செட் அணியை ஒரே ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டத்தில் தம்பி சிவராம் சதம் அடித்தார்.

ஊர் திரும்பிய பாலுவுக்கு பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். அந்த விழாவில் வரவேற்பு மடல் அளித்தவர் யார் தெரியுமா? பின்னாளில் இந்திய அரசியல் சட்டத்தை உருவாக்கிய டாக்டர் அம்பேத்கர். அப்போது அவர் கல்லூரி மாணவர். தம் மக்களில் ஒருவர் இவ்வளவு உயர முடியும் என்பதை அந்த இளைஞர் கண்ணாரக் கண்டது பாலுவிடம்தான்.

தலைவர் பதவி எங்கே?

பாலுவின் தம்பிகள் சிவராம், கண்பத், விட்டல் ஆகிய மூவரும் இந்துக்கள் அணியில் ஆடினார்கள். ஒரு வீட்டிலிருந்து நான்கு ஆட்டக்காரர்கள். அதில் மூத்தவர் நாட்டின் முதன்மையான பந்து வீச்சாளர். அப்படியானால் அணித் தலைவர் பதவி யாருக்கு வர வேண்டும்?

வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மேல் சாதியைச் சேர்ந்த ஒருவரே தலைவரானார். 1913-ல் தலைவராக இருந்த எம்.டி.பாய், தனக்குக் கிடைத்த மரியாதை நியாயமாக மூத்தவரான பாலுவுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டாரே தவிர, அடுத்த ஆண்டும் நிலைமை மாறவில்லை.

1920-ல் விஷயம் வெடித்தது. எம்.டி.பாய்க்கு உடல்நலம் சரியில்லை. பாலுவை அணியிலிருந்தே நீக்கிவிட்டு, வயதில் இளையவரான தேவதரைத் தலைவராக நியமித்தார்கள். இத்தனை வருஷம் மூச்சு விடாமல் இருந்த குடும்பம் அன்று வாய் திறந்தது. சிவராமும் விட்டலும், சாதியைப் பார்த்து எங்களை ஒதுக்குவது அவமானம் என்று அறிக்கை விட்டு அணியிலிருந்து விலகினார்கள்.

பத்திரிகைகளில் பெரிய விவாதம் எழுந்தது. நிர்வாகிகள் இறங்கி வந்தார்கள். பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பாய் திரும்ப வந்து தலைவராக இருந்தார். பாலு துணைத் தலைவர் ஆக்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவே பாய் சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியேறினார். அந்தக் கொஞ்ச நேரம் பாலு அணியை நடத்தினார்.

வாழ்நாள் உழைப்புக்குக் கிடைத்தது அந்தச் சிறிது நேரம்தான். அதற்குப் பிறகு பாலு பெரிய போட்டிகளில் ஆடவில்லை.

அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது. தீண்டாமைக்கு எதிராக காந்திஜியின் பிரசாரம் நாடெங்கும் பரவியிருந்த 1923-ல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். அந்த ஆண்டே ஐரோப்பியர் அணியை வென்று கோப்பையைக் கைப்பற்றினார். மேல் சாதியினர் உட்பட ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். விட்டல் தலைவராக இருந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை கோப்பை இந்துக்கள் அணிக்கே வந்தது. தலைமை தாங்கத் தகுதி இல்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு இதை விட வேறு பதில் எதற்கு?

அரசியலில் பாலு

மைதானத்தை விட்ட பாலு பொது வாழ்வுக்கு வந்தார். 1932-ல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதியா, கூட்டுத் தொகுதியா என்ற பிரச்சினை எழுந்தது. தனித் தொகுதி கேட்டவர் அம்பேத்கர். கூட்டுத் தொகுதியே போதும் என்றவர் நம் சென்னையைச் சேர்ந்த எம்.சி.ராஜா. பாலு ராஜாவின் பக்கம் நின்றார். காந்திஜி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருக்க, செப்டம்பர் 24-ந் தேதி புனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் அம்பேத்கர், எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜாஜி ஆகியோரோடு பாலுவும் கையெழுத்திட்டார்.

1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. பைகுல்லா-பரேல் தொகுதி. ஒரு காலத்தில் பாலுவுக்கு வரவேற்பு மடல் அளித்தவர் ஒரு பக்கம், அதைப் பெற்றுக்கொண்டவர் மறுபக்கம். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225 ஓட்டு. அம்பேத்கர் ஜெயித்தார்.

இருவர் நோக்கமும் ஒன்று, பாதைதான் வேறு. அடித்துக் கேட்டால்தான் உரிமை வரும் என்பது அம்பேத்கரின் முடிவு. உழைத்துக் காட்டி, கூடவே இருந்து மனம் மாற வைக்கலாம் என்பது பாலுவின் நம்பிக்கை. ஆனால் பாலுவின் வாழ்க்கையையே எடுத்துக்கொண்டாலும், அவர் பொறுமையாக இருந்தவரை தலைவர் பதவி வரவில்லை. தம்பிகள் விலகி நின்று கேட்ட பிறகுதான் கதவு திறந்தது. இதை நாம் கவனிக்க வேண்டும்.

பெயர் எங்கே?

1955-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி பாலு பம்பாயில் காலமானார். 33 முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது 179 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 15 ரன்தான் கொடுத்தார். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிய 1932-ல் அவருக்கு வயது 56. ஆகவே டெஸ்ட் ஆட்டக்காரர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ரஞ்சித்சிங் பெயரில் ரஞ்சிக் கோப்பை உண்டு. தேவதர் பெயரிலும் கோப்பைப் போட்டி நடத்தப்பட்டது. பாலுவின் பெயரைக் கேட்டால் மும்பையிலேயே பலருக்குத் தெரியாது.

கப்பல் ஏறி வந்தோ, ரயில் ஏறி வந்தோ, இந்த நகரில் கூட்டிப் பெருக்கியும் சுமை தூக்கியும் கணக்கு எழுதியும் பிழைக்கிற எத்தனையோ பேரில் எந்தத் திறமை ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது? பந்தைக் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பாலுவுக்கு ஒரு துரை பந்தைக் கொடுத்தார். பந்து கிடைக்காமலே போன பாலுக்கள் எத்தனை பேரோ!

நாளைக் காலை சர்னி ரோடு தாண்டும்போது ஒரு நிமிஷம் வலது பக்கம் திரும்பிப் பாருங்கள். மைதானத்தில் யாராவது ஆடுகளத்தை உருட்டிக்கொண்டிருப்பார்.