படங்களுக்கு நடை பயிற்றிய ஆசிரியர்

கார்ட்டூன் படம் என்றதும் நம் நினைவிற்கு முதலில் ஓடி வருவது வால்ட் டிஸ்னியின் மிக்கி மவுஸ்தான். மிக்கி திரையில் தோன்றியது 1928-ஆம் ஆண்டில். அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, கையால் வரைந்த சித்திரங்கள் பாரிஸ் நகரில் திரையில் ஆடி ஓடி மக்களை மகிழ்வித்தன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்த விந்தையைச் செய்து காட்டியவர் ஓர் அறிவியல் ஆசிரியர். அவர்தாம் எமில் ரேனோ.

1844-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், பாரிசை அடுத்த மோந்த்ரேய் என்னும் ஊரில் ரேனோ பிறந்தார். தந்தை நுட்பமான இயந்திர வேலைகளில் வல்லவர். தாய் நீர்வண்ண ஓவியம் தீட்டுபவர். தந்தையிடம் கருவி பிடிக்கவும் தாயிடம் தூரிகை பிடிக்கவும் கற்றார் மகன். வளர்ந்தபின் இயந்திரப் பட்டறையில் பயின்றார். புகைப்படக் கலை கற்றார். விளக்கொளியில் படங்காட்டி அறிவியல் சொற்பொழிவாற்றிய மொய்னோ பாதிரியாருக்கு உதவியாளராகவும் இருந்தார். 1873 முதல் லெ புய் நகரில் பொதுமக்களுக்கு அறிவியல் விரிவுரைகள் நிகழ்த்தலானார்.

சற்றே மாறுபட்ட படங்கள் அடுத்தடுத்து விரைவாகத் தோன்றினால், அவற்றை நம் கண்ணும் மூளையும் ஒரே இயக்கமாகக் கொள்கின்றன. இவ்வுண்மையைக் கொண்டு பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாத்தோ 1832-இல் ஒரு சுழல் தட்டையும், ஆங்கிலேயரான ஹார்னர் 1834-இல் ஒரு சுழல் உருளையையும் அமைத்தனர். ஆனால் அவற்றில் குறுகிய பிளவுகளின் வழியேதான் பார்க்க வேண்டும். பிளவு குறுகினால் ஒளி மங்கும். அகன்றால் படம் கலங்கும். இச்சிக்கலை எப்படி அவிழ்ப்பது?

ரேனோ பிளவுகளையே நீக்கிவிட்டார். உருளையின் உட்புறத்தில் பன்னிரண்டு படங்கள் கொண்ட தாளைப் பொருத்தினார். நடுவில் பன்னிரண்டு சமதள ஆடிகளை நிறுத்தினார். மையத்திற்கும் படத்திற்கும் சரிபாதித் தொலைவில் ஆடி நின்றது. பொருள் எவ்வளவு முன்னே உள்ளதோ, பிம்பம் அவ்வளவு பின்னே தோன்றும் அல்லவா? எனவே பிம்பம் சரியாக மையத்தில் விழுந்தது. மையம் சுழன்றாலும் இடம் பெயராது. ஆகவே பிம்பமும் ஓடாமல் நின்று, தெளிவாக அசைந்தது. நாம் பள்ளியில் படித்து, தேர்வில் எழுதி மறந்துவிடும் விதிதான் இது! 1877-இல் இக்கருவிக்கு உரிமம் பெற்றார். 'பிராக்ஸினோஸ்கோப்' என்பது அதன் பெயர்.

பன்னிரண்டு படங்களில் கதை சொல்ல முடியாது. ஆகவே நூற்றுக்கணக்கான படங்களை நீண்ட பட்டையாகக் கோத்து, பட்டையில் துளைகளிட்டு, முளைகள் கொண்ட சக்கரத்தால் நகர்த்தினார். ஒரு விளக்கு அசையாத பின்னணியைத் திரையில் காட்டியது. மற்றொன்று அசையும் பாத்திரங்களைக் காட்டியது. 1888-இல் இந்த 'ஒளி அரங்க'த்திற்கு உரிமம் கிடைத்தது. 1892 அக்டோபர் 28-ஆம் நாள் பாரிசின் கிரேவின் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் முதற்காட்சி நடந்தது. 'பாவம் பியரோ' என்ற கதைக்கு 500 படங்கள் வரைந்திருந்தார். பட்டையைக் கையாலேயே முன்னும் பின்னும் சுழற்றி, அவற்றை ஏறக்குறைய பதினைந்து நிமிடக் காட்சியாக்கினார். 1900 வரை நடந்த சுமார் 12,800 காட்சிகளை ஐந்து இலட்சம் பேர் கண்டு களித்தனர்.

ஆனால் காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1895 டிசம்பர் 28-இல் அதே நகரில் லூமியேர் சகோதரர்கள் சினிமாவைக் காட்டினர். கேமரா ஒரு நிமிடத்தில் பிடிப்பதை ரேனோ மாதக்கணக்கில் வரைய வேண்டியிருந்தது. பிலிமுக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ரேனோவின் பட்டையோ ஒன்றே ஒன்று. அதையும் வேறிடத்தில் காட்ட ஒப்பந்தம் இடந்தரவில்லை. வறுமையும் மனச்சோர்வும் வாட்ட, 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் கருவியைத் தாமே உடைத்தார். பட்டைகளுள் பெரும்பாலானவற்றை ஸீன் நதியில் எறிந்தார். 'பாவம் பியரோ'வும் கடற்கரைக் கதை ஒன்றும் மட்டுமே எஞ்சின. 1918 ஜனவரி 9-இல் ஒரு மருத்துவ விடுதியில் அவர் உயிர் பிரிந்தது.

தோற்றவரா ரேனோ? ஒருகால் பிரதி எடுக்கும் போட்டியில் தோற்றிருக்கலாம். அசைவைக் கையால் படைக்கலாம் என்ற எண்ணம் தோற்கவில்லை. அவரை வென்ற அதே பிலிமிலேயே, 1908-இல் எமில் கோல் தம் சித்திரங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்துக் கார்ட்டூன் படம் எடுத்தார். 1914-இல் அமெரிக்கர் வின்சர் மக்கே, கெர்ட்டி என்னும் டைனோசரை நடமாட வைத்தார். பின்னணியை அப்படியே வைத்துப் பாத்திரங்களை மட்டும் மாற்றும் முறை, ஒளிபுகும் தாள்களின் வடிவில் மீண்டும் வந்தது. 1937-இல் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' வெளிவந்தது. 1995-இல் 'டாய் ஸ்டோரி' முழுவதும் கணிப்பொறியிலேயே உருவானது. கருவிகள் மாறின, ஒவ்வோர் அசைவையும் மனிதன் எண்ணிப் படைக்க வேண்டும் என்பது மாறவில்லை.

நதியில் எறிந்தவை மீளவில்லை. ஆயினும் உலகம் அவரை மறந்துவிடவில்லை. முதற்காட்சி நடந்த அக்டோபர் 28, 2002 முதல் உலக அனிமேஷன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2015-இல் யுனெஸ்கோ அவருடைய படைப்புகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இப்பெருமைகளில் ஒன்றையேனும் காண அவர் இல்லை. உழைப்பின் பயன் உழைத்தவர் காலத்திலேயே வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும் மெய்யான உழைப்பு வீண்போவதில்லை என்பதற்கு எமில் ரேனோவின் வாழ்வே சான்று. ஆய்வகத்தில் ஆடியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த ஆசிரியரை நினைவிற் கொள்வோமாக!