ஏற்பி தந்த ஏந்தல்

சென்ற பருவத்தில் உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் நான் ஒரு தவறு செய்தேன். முதல் சோதனையிலேயே விடை இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பின்வந்த சோதனைகள் மறுத்தபோதும், ஏட்டில் எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. மதிப்பெண் போயிற்று. அந்த வாரம் நூலகத்தில் நான் படித்த வாழ்க்கை வரலாறு பால் எர்லிக்குடையது.

எர்லிக் 1854 மார்ச் 14 அன்று, பிரஷ்யாவின் சைலீசியப் பகுதியிலிருந்த ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. மருத்துவம் பயின்றவர்தாம்; ஆனால் அவர் மனம் சாயங்களையே நாடியது. ஒரு சாயம் ஒரு திசுவைப் பற்றுகிறது, பக்கத்துத் திசுவை விட்டுவிடுகிறது. ஏன்? இந்த ஒரு கேள்வியே அவருடைய வாழ்நாளை நடத்திச் சென்றது. 1878-இல் லைப்சிக்கில் சாயமேற்றல் பற்றிய ஆய்வுக்கே டாக்டர் பட்டம் பெற்றார். 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்ததும், அதைச் சாயமேற்றிக் காண மேலும் சிறந்த முறையை வகுத்தார். பின்னர் அந்த நோயே அவரைப் பற்றியது. எகிப்தில் தங்கி உடல் தேறித் திரும்பினார்.

உயிரணுவில் பக்கச் சங்கிலிகள் உள்ளன, பூட்டில் சாவி பொருந்துவது போல நச்சுப்பொருள் அவற்றில் பொருந்துகிறது என்று 1897-இல் அவர் கூறினார். 1900-இல் அவற்றுக்கு ஏற்பி என்று பெயர் சூட்டினார்.

நண்பர்களே, வியப்பு இனிமேல்தான்! மருந்துகளுக்கும் ஏற்பிகள் உண்டு என்பதை அவரே ஏற்கவில்லை. பல மருந்துகளைத் திசுவிலிருந்து எளிதில் பிரித்தெடுக்க முடிகிறதே, உறுதியாகப் பிணைந்திருந்தால் அது நடக்குமா என்பது அவர் வாதம். 1905-இல் கேம்பிரிட்ஜில் லாங்லி, தசையைச் சுருக்கும் நிகோட்டினின் செயலைக் குராரே தடுப்பதை ஆராய்ந்து, மருந்தை ஏற்கும் பொருள் தசையிலேயே உள்ளது என்று நிறுவினார். எர்லிக்கின் கூடத்திலோ, ஒருவகை மருந்துக்கு அசையாத ஒட்டுண்ணிகள் வேறுவகை மருந்துக்கு மடிந்தன. வெவ்வேறு ஏற்பிகள் இருந்தாலன்றி இது எப்படி இயலும்? 1907-இல் எர்லிக் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பெயர் வைத்தவரே தம் மறுப்பைக் கைவிட்டார்!

1908-இல் நோபல் பரிசு வந்தது. அதற்குமுன் செய்து ஒதுக்கிவைத்த 606 எண்ணுள்ள ஆர்செனிக் சேர்மத்தை 1909-இல் ஜப்பானியரான ஹாட்டா மீண்டும் சோதித்தார். மேகப்புண் கண்ட முயல்கள் குணமாயின. 1910-இல் அது சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பக்கவிளைவுகளால் பழியும் வந்தது. எர்லிக் ஓயாமல் உழைத்து 1912-இல் நியோசால்வர்சானைத் தந்தார். 1915 ஆகஸ்ட் 20 அன்று மறைந்தார்.

ஏற்பியில் மருந்து பொருந்தியபின் செய்தி உயிரணுவுக்குள் எவ்வாறு செல்கிறது என்பதை அவர் அறியார். அவ்வழியைத் துலக்கிய லெஃப்கோவிட்ஸ், கோபில்கா ஆகியோர் 2012-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் ஆராய்ந்த ஏற்பிக் குடும்பத்தின் வழியாகவே இன்றைய மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று செயல்படுகிறது.

இப்பருவத்தில் என் ஏட்டில் இரண்டு இடங்களில் அடித்தல் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை.