மாணவர்கள் வண்டி இழுத்த பேராசிரியர்

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அந்த நாளுக்கு உரியவரான டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன், நாம் பிழைக்க வந்திருக்கும் இதே மைசூரில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவரும் நம்மைப் போல வெளியூர்க்காரர்தான்.

1888-ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. தந்தை வீராசாமி ஜமீனில் வருவாய் வேலை பார்த்த சிறு உத்தியோகஸ்தர். வசதி குறைந்த குடும்பம். மகன் திருத்தணி, திருப்பதி, வேலூர் என்று ஊர் ஊராகப் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். உபகாரச் சம்பளம்தான் அவரைப் படிக்க வைத்தது. தத்துவப் பாடத்தைக் கூட அவர் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்று அதையே எடுத்துக்கொண்டார். பழைய புத்தகம் ஒரு மனிதரின் தலைவிதியை எழுதிவிட்டது.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்தது. 1918-இல் மைசூருக்குப் பேராசிரியராக வந்தார். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மகாராஜா கல்லூரியில் பாடம் நடத்தினார். கையில் குறிப்புத் தாள் இல்லாமல் ஆற்றொழுக்காகப் பேசுவது அவர் வழக்கம். ரவீந்திரநாத் தாகூரின் தத்துவம் பற்றிய அவருடைய நூல் 1918-இல் வெளிவந்தது. பெயர் வெளியூர்களுக்கும் பரவியது.

1921-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி அவரை அழைத்துக்கொண்டார். புறப்படும் நாளில் மாணவர்கள் வண்டிக்குப் பூ அலங்காரம் செய்தார்கள். குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்து வந்தார்கள். அவர் இந்த ஊரில் இருந்தது சுமார் மூன்றே ஆண்டுகள். கன்னடம் அவருக்குத் தாய்மொழி அல்ல. மைசூர் அவருக்குச் சொந்த ஊரும் அல்ல. ஆனாலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் அவரை அந்நியராக நினைக்கவில்லை.

கல்கத்தாவில் எல்லாம் பூப்பாதையாக இல்லை. தம் ஆராய்ச்சியை எடுத்தாண்டுவிட்டதாக ஜதுநாத் சின்கா என்பவர் 1929-இல் வழக்குப் போட்டார். இவரும் பதில் வழக்குப் போட்டார். 1933-இல் இரண்டும் சமரசமாக முடிந்தன. இதற்கிடையே 1931-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். 1939-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியும் வந்தது.

அரசியலுக்கு அவர் வந்த வழி வேறு. எந்தக் கட்சியிலும் தொண்டராக இருந்ததில்லை. சிறைக்கும் போனதில்லை. 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்கு ஐக்கிய மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். யுனெஸ்கோவில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1949-இல் நேரு அவரைச் சோவியத் ருஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். கல்லூரி வாத்தியாருக்கு மாஸ்கோவில் என்ன வேலை என்று புருவத்தை உயர்த்தியவர்கள் இருந்தார்கள். அவருக்கு முன் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டுக்கு ஸ்டாலினைச் சந்திக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. இவரை ஸ்டாலின் 1950-இலும் 1952-இலும் வரவழைத்துப் பேசினார். வெற்றி பெற்ற பின் போரை வெறுத்து அறவழிக்குத் திரும்பிய அசோகரின் கதையை அங்கே அவர் எடுத்துச் சொன்னதாகக் கூறுவார்கள். பெரிய வல்லரசின் அதிபர் முன்னும் அவர் பாடம் நடத்தத் தயங்கவில்லை.

1952-இல் துணை ஜனாதிபதி, 1954-இல் பாரத ரத்னா, 1962-இல் ஜனாதிபதி. பதவி ஏற்ற ஆண்டே சீனப் போர் வந்தது. அரசாங்கம் எளிதில் நம்பி ஏமாந்ததையும் கவனக் குறைவாக இருந்ததையும் ஜனாதிபதியாக இருந்தே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். நேருவும் சாஸ்திரியும் அடுத்தடுத்து மறைந்த நெருக்கடியான காலமும் அவர் பதவிக் காலம்தான். 1967-இல் ஓய்வு பெற்றுச் சென்னை திரும்பினார். 1975 ஏப்ரல் 17-ஆம் தேதி அங்கே காலமானார்.

அவர் எந்த ஊர்க்காரர்? அவர் பிறந்த திருத்தணியே ராஜ்யம் மாறியது. 1953-இல் ஆந்திராவோடு போய், 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தெலுங்கர் தம்மவர் என்கிறார்கள். தமிழரும் அப்படியே சொல்கிறோம். மைசூரும் காசியும் கூட உரிமை கொண்டாடுகின்றன.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் சற்றுத் தயங்குகிறார்கள். அவர்களுக்கு ராதாகிருஷ்ணன் கதையைச் சொல்லுங்கள். போன இடத்தில் வேலையைச் சுத்தமாகச் செய்தார். அந்த இடத்துக்கு மரியாதை கொடுத்தார். ஊர் தானாக அவரைச் சொந்தமாக்கிக் கொண்டது.