பெஞ்சமின் புளூம்

பெஞ்சமின் சாமுவேல் புளூம் (பெப்ரவரி 21, 1913 - செப்டம்பர் 13, 1999) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கல்வி உளவியலாளர் ஆவார். தேர்வு வினாக்கள் மாணவரிடம் எத்தகைய சிந்தனையை வேண்டுகின்றன என்பதை ஆறு படிகளாக வகுத்த புளூமின் வகைப்பாடு இவர் பெயராலேயே அறியப்படுகிறது. வினாத்தாள்களில் வரும் வரையறு, விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக போன்ற ஏவற்சொற்களை வேறுபடுத்தி அறிய இவ்வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது.

வாழ்க்கை

புளூம் பென்சில்வேனியா மாநிலத்தின் லான்சுபோர்டு என்னும் ஊரில் யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தார். 1935 இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலைப் பட்டங்களையும், 1942 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்தையும் பெற்றார். அங்கு ரால்ப் டைலரின் வழிகாட்டலில் பணியாற்றிய இவர், பின்னர் பல்கலைக்கழகத் தேர்வாளராக 1959 வரை இருந்தார். கற்பித்த ஆசிரியர் அல்லாமல் தனியான தேர்வுக் குழுவே அங்கு வினாத்தாள்களை ஆக்கியது. எனவே ஒரு வினா எதைச் சோதிக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய தேவை புளூமுக்கு அன்றாடப் பணியிலேயே இருந்தது.

வகைப்பாடு

1948 இல் பாசுடன் நகரில் கூடிய கல்லூரித் தேர்வாளர்கள், தங்களுக்குள் வினாக்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுச் சொல்வழக்கு வேண்டும் எனக் கருதினர். இம்முயற்சியின் பயனாக, புளூமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட நூல் 1956 இல் வெளிவந்தது. அறிவு, புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடல் என்பன அதில் கூறப்பட்ட ஆறு படிகள் ஆகும். பரவலாக அறியப்பட்ட முக்கோண வடிவப் படம் அந்நூலில் இல்லை. அது பிறரால் பின்னர் சேர்க்கப்பட்டது.

பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களைப் பட்டியலிடக் கேட்கும் வினாவுக்கு நினைவாற்றல் போதும். பொருளாதாரக் காரணங்களே முதன்மையானவை என்னும் கருத்தை மதிப்பிடுமாறு கேட்டால், அளவுகோல் ஒன்றைக் கொண்டு அக்கருத்தை எடைபோட்டு முடிவு கூற வேண்டும். இங்கு எத்தனை காரணங்களைப் பட்டியலிட்டாலும் அது விடை ஆகாது. பாடம் நன்கு தெரிந்த மாணவரும் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

ஆயினும் ஏவற்சொல்லை மட்டும் கொண்டு வினாவின் படியை உறுதி செய்ய இயலாது. விளக்குக என்று கேட்கப்பட்டாலும், அவ்விளக்கம் பாடநூலில் அப்படியே இருந்து மாணவர் அதை மனப்பாடம் செய்திருந்தால், அவ்வினா நினைவாற்றலையே சோதிக்கிறது. மாணவர் முன்பு என்ன கற்றார் என்பதையும் அறிய வேண்டும் என 1956 நூல் கூறியது. ஏவற்சொற்களைப் படிவாரியாக அடுக்கும் அட்டவணைகள் பல இதைக் கவனிப்பதில்லை.

இந்தியாவில்

1957 இல் புளூம் இந்தியாவுக்கு வந்து, பள்ளித் தேர்வுச் சீர்திருத்தம் குறித்து ஆசிரியர் பயிலரங்குகளை நடத்தினார். மனப்பாடத்தைச் சார்ந்த தேர்வுமுறையை மாற்றி, கற்பித்தலின் நோக்கங்களை ஒட்டி வினாக்களை ஆக்குவதே அவற்றின் குறிக்கோள். அடுத்த ஆண்டு மத்திய தேர்வுப் பிரிவு நிறுவப்பட்டது.

பிற ஆய்வுகள்

1964 இல் வெளியான இவரது நூல் குழந்தைப் பருவச் சூழலின் முதன்மையை வலியுறுத்தியது. போதிய நேரமும் உதவியும் கிடைத்தால் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாணவர்கள் பாடத்தில் தேர்ச்சி அடையலாம் என்ற முழுத்தேர்ச்சிக் கற்றல் கொள்கையை 1968 இல் முன்வைத்தார். தனிப் பயிற்சி பெறும் சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயிலும் 98 விழுக்காட்டினரை விஞ்சுவார் என 1984 இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகளில் இத்தனை பெரிய வேறுபாடு பொதுவாகக் கிடைக்கவில்லை.

புளூம் 1999 இல் சிக்காகோவில் காலமானார். அவருடன் பணியாற்றிய டேவிட் கிராத்வோல், புளூமின் மாணவர் லோரின் ஆண்டர்சன் ஆகியோர் 2001 இல் வகைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டனர். இதில் அறிவு என்ற முதற்படி நினைவுகூர்தல் ஆனது. படைத்தல் உச்சியில் வைக்கப்பட்டது.