பானெட்டுக்குள்ள ஒரு மனுஷன்: எர்ல் மேக்ஃபர்சன்

உங்க வீட்டு காரோட பானெட்டைத் திறந்து பாருங்க. இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும், முன்கண்ணாடி ஓரமா, வட்டமா ஒரு மேடு தெரியும். நடுவுல ஒரு பெரிய நட்டு, சுத்தி ரெண்டு மூணு சின்ன நட்டு. சில கார்ல பிளாஸ்டிக் மூடி மறைச்சிருக்கும். அதுக்குக் கீழே நிக்கிறதுதான் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஆட்டோமொபைல் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வரும், படம் வரைஞ்சு அம்புக்குறி போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். மேக்ஃபர்சன்னு ஒரு ஆள் நிஜமாவே இருந்தார்ங்கிறது எனக்கு ஃபைனல் இயர் வர்ற வரைக்கும் தோணினதே இல்ல. ஏதோ கம்பெனி பேருன்னு நினைச்சிருந்தேன்.

தேட வெச்சது என் பெரியப்பா பையன். ஆவடியில வீடு, வேலை பூந்தமல்லி தாண்டி. போன வருஷம் அஞ்சு வருஷம் ஓடின ஒரு எஸ்யூவி வாங்கினான். பருத்திப்பட்டு வழியா தினமும் போய்ட்டு வரணும். பூந்தமல்லி பக்கம் மெட்ரோ வேலை, பள்ளம் தோண்டி மூடின இடம், பெயின்ட் அடிக்காத வேகத்தடை, இதுல ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் அடிப்பாகம் தேயுற சத்தம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல ரெண்டு இன்ச் தூக்கித் தர்றதா சொன்னாங்களாம். நீ மெக்கானிக்கல்தானே, சரியா வருமான்னு சொல்லுன்னு என்கிட்ட கேட்டான். எனக்குத் தெரியல. நாலு வருஷம் படிச்சும் தெரியலங்கிறது கொஞ்சம் உறுத்துச்சு. அதனால முதல்ல அந்த ஸ்ட்ரட்டைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க அதைச் செஞ்ச ஆளோட கதை இழுத்துட்டுப் போயிடுச்சு.

எர்ல் ஸ்டீல் மேக்ஃபர்சன் 1891-ல் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் ஹைலண்ட் பார்க்கில் பிறந்தார். 1915-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் முடிச்சார். நேரா டெட்ராய்ட், சால்மர்ஸ்ங்கிற கார் கம்பெனி. முதல் உலகப்போர் வந்ததும் விமான இன்ஜின் வேலைக்குப் போனார். போர் முடிஞ்சு லிபர்ட்டி, அப்புறம் ஹப்மொபைல். இந்த மூணு பேர்ல ஒண்ணாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. மூணும் மூடிப் போன கம்பெனிங்க. கேம்பஸ்ல முதல் கம்பெனி சரியா அமையலன்னா வாழ்க்கையே போச்சுன்னு ஹாஸ்டல்ல உட்கார்ந்து புலம்புறோமே, இந்த ஆளோட ரெஸ்யூமே முழுக்க அப்படித்தான் இருந்திருக்கு.

1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் பத்து வருஷத்துக்கு மேல சத்தமில்லாம வேலை. அவர் பேர் நிக்கக் காரணமான விஷயம் 1945-ல்தான் வருது, அவருக்கு ஐம்பத்து மூணு ஐம்பத்து நாலு வயசு ஆகும்போது.

போர் முடியுற நேரம். முதல் போருக்கு அப்புறம் வந்த மாதிரியே இப்பவும் மந்தநிலை வரும், ஜனங்க சின்ன, விலை குறைஞ்ச காரைத்தான் தேடுவாங்கன்னு கம்பெனி கணக்குப் போட்டுச்சு. செவர்லேயில ஒரு சின்ன கார் திட்டம் ஆரம்பிச்சு மேக்ஃபர்சனைத் தலைமை இன்ஜினியரா போட்டாங்க. காருக்குப் பேர் கேடட். நாலு பேர் உட்காரணும், எடை ஏறக்குறைய 1000 கிலோ, விலை 1000 டாலருக்குள்ள.

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க, விஷயமே இதுலதான் இருக்கு. கனமான கார்ல நாலு பேர் ஏறினா ஸ்பிரிங்குக்குப் பெருசா தெரியாது. 1000 கிலோ கார்ல நாலு பேர், ஆளுக்கு 70 கிலோன்னு வெச்சா 280 கிலோ, கால் பங்குக்கு மேல எடை கூடிடுது. ஸ்பிரிங்கை மெதுவா வெச்சா ஆள் ஏறினதும் கார் உட்கார்ந்துடும். கடினமா வெச்சா தனியா ஓட்டும்போது முதுகு உடையும். சின்ன கார் சொகுசா ஓடணும்னா சக்கரம் மேலயும் கீழயும் நிறைய தூரம் போய் வரணும், சக்கரத்தோட சேர்ந்து ஆடுற இரும்பு குறைவா இருக்கணும், அதுவும் மலிவா இருக்கணும். அந்தக் காலத்து வழி ரெண்டு. ஒண்ணு, நம்ம லாரிகள்ல இருக்குற கமான் பட்டை. இன்னொண்ணு மேல ஒரு கை, கீழ ஒரு கைன்னு ரெண்டு விஷ்போன். முதல்து கனம், ரெண்டாவதுக்கு பாகம் அதிகம்.

மேக்ஃபர்சன் மேல் கையையே எடுத்துட்டார். ஷாக் அப்சார்பர் எப்படியும் வேணும், ஸ்பிரிங் எப்படியும் வேணும். அந்த ஷாக் குழாயையே தடிமனா செஞ்சு சக்கரத்தைப் பிடிக்கிற தூணா மாத்தி, ஸ்பிரிங்கை அதைச் சுத்தி உட்கார வெச்சு, மேல் நுனியை நேரா பாடியில் மாட்டிட்டார். கீழ ஒரே ஒரு கை. ஒரே பொருள் மூணு வேலை செய்யுது. கேடட்ல இதை நாலு சக்கரத்துக்கும் போட்டார். எல்லாமே அவர் மண்டையில உதிச்சதுன்னு சொல்ல முடியாது. விமானத்தோட லேண்டிங் கியர்ல இந்த மாதிரி தூண் அப்பவே உண்டு. இத்தாலியில ஃபியட்டோட கைடோ ஃபோர்னாகா 1920-களிலேயே இதுக்குக் கிட்டத்தட்ட ஒரு வடிவம் வரைஞ்சிருந்தார். மேக்ஃபர்சனோட பிந்தைய பேட்டன்ட்லயே அந்த ஃபோர்னாகா பேர் வருது. ஆனா மலிவா, லட்சக்கணக்குல செய்யக்கூடிய பொருளா அதை மாத்தினது இவர்தான்.

கேடட் என்ன ஆச்சு? ப்ரோட்டோடைப் ஓடிச்சு, அதோட சரி. எதிர்பார்த்த மந்தநிலை வரல. போர்க்காலம் முழுக்க கார் வாங்காம இருந்த ஜனங்க பெரிய காரையே வரிசையில நின்னு வாங்கினாங்க. எஃகு கிடைக்கல. பெரிய கார்ல லாபம் கொட்டும்போது 1000 டாலர் காருக்கு எதுக்கு எஃகைச் செலவழிக்கணும்? 1947-ல் திட்டத்தை மூடிட்டாங்க. கணக்கைப் பார்த்தா கம்பெனி செஞ்சதும் தப்புன்னு எனக்குச் சொல்ல வரல. ஆனா அந்த இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. ஐம்பத்தாறு வயசு. வாழ்க்கையிலேயே செஞ்ச நல்ல வேலை ஷெட்டுக்குள்ள நிக்குது. அதோட பேட்டன்ட் விண்ணப்பம் கம்பெனி சொத்து.

அந்த வருஷமே ஃபோர்டுக்குப் போயிட்டார். அங்க அதே யோசனையைத் திரும்ப வரைஞ்சார். 1949-ல் ஃபோர்டுக்காக இன்னொரு பேட்டன்ட் விண்ணப்பம். பழைய கம்பெனிக்காகப் போட்டது, புது கம்பெனிக்காகப் போட்டது, ரெண்டுமே 1953-ல்தான் கைக்கு வந்துச்சு. ஒரே ஆளோட மூளை, எதிரெதிர் கம்பெனிகளோட பீரோவுல.

இன்னொரு வேடிக்கை, டெட்ராய்ட்டோட பெரிய கார்கள் இதைப் பல வருஷம் கண்டுக்கல. இங்கிலாந்து ஃபோர்டுதான் எடுத்துக்கிச்சு. 1950-ல் லண்டன் கண்காட்சியில காட்டின கான்சல், ஸெஃபர் கார்கள்ல முன்னாடி மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். தனி சேஸிஸ் இல்லாம பாடியே சட்டமா இருக்குற கார்கள் அவை. தூணோட மேல் நுனியைத் தாங்க பலமான பாடி வேணும்ல, அதனால ஜோடி பொருந்திப் போச்சு. கார் சாயாம தடுக்குற ஆன்ட்டி ரோல் பாரையே கீழ்க்கையை முன்னும் பின்னும் ஆடாம பிடிக்கவும் பயன்படுத்தினாங்க. மறுபடியும் ஒரு பொருளுக்கு ரெண்டு வேலை. ஹாரி பாட்டர்ல பறக்குதே அந்த ஃபோர்டு ஆங்லியா, அதுலயும் முன்னாடி இதுதான்.

1952-ல் ஃபோர்டுல இன்ஜினியரிங் துணைத் தலைவர் ஆனார், 1958-ல் ஓய்வு, 1960 ஜனவரியில் இறந்தார். இன்ஜினை குறுக்கா வெச்சு முன் சக்கரத்தை ஓட்டுற சின்ன கார்கள் பெருகினது அதுக்கு அப்புறம்தான். மேல் கை இல்லாததால இன்ஜினுக்குப் பக்கவாட்டுல இடம் கிடைச்சுது, அதனால அந்த மாதிரி கார்ல எல்லாம் இவர் ஸ்ட்ரட் நுழைஞ்சுது. 1983-ல் மாருதி 800 வழியா நம்ம ரோட்டுக்கு வந்துச்சு. 1998-ல் பூந்தமல்லியிலிருந்து கொஞ்ச தூரத்துல இருங்காட்டுக்கோட்டையில சான்ட்ரோ வந்தப்பவும் அதேதான். அதே ஃபேக்டரியிலிருந்து வர்ற கிரெட்டாவுக்கும் முன்னாடி அதேதான். நாலு பேர் உட்கார்ற 1000 கிலோ கார் வேணாம்னு மூடினாங்களே, அந்த யோசனையிலதான் ஆவடி மொத்தமும் ஓடுது.

இப்ப அண்ணனோட ரெண்டு இன்ச். மேக்ஃபர்சன் மிச்சம் பிடிச்ச ஒவ்வொண்ணும் இங்க ஒரு எல்லைக்கோடா வருது. ஸ்ட்ரட் மேல ஸ்பேசர் போட்டா மொத்தத் தூணும் கீழ இறங்குது. ஒரே ஒரு கீழ்க்கை, அது சரிஞ்சு தொங்குது. சக்கரத்தோட மேல்பக்கம் வெளியே சாயுது, டோ மாறுது. முன் சக்கர டிரைவ்னா சிவி ஜாயின்ட் எப்பவுமே வளைஞ்சே சுத்தணும். பள்ளத்துல சக்கரம் முழுசா தொங்கும்போது அந்த ஜாயின்டும் பால் ஜாயின்டும் கம்பெனி நினைச்சே பார்க்காத கோணத்துக்குப் போகும். ஸ்பேசருக்குப் பதிலா உயரமான ஸ்பிரிங் போட்டா அந்தக் கோணம் கடைசி எல்லையைத் தாண்டாது, ஆனா சக்கரம் கீழ இறங்க மிச்சம் இருக்குற தூரம் குறையும், வேகத்தடை தாண்டி இறங்கும்போது டங்குன்னு இழுக்கும். தார், ஸ்கார்ப்பியோ வெச்சிருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க. அது வேற அமைப்பு, இந்தக் கணக்கு அதுக்கு அப்படியே பொருந்தாது.

என் கருத்து, தினமும் ஓட்டுற காருக்கு 20, 25 மில்லிமீட்டர். அதுக்கு மேல போனா ஸ்பேசர் விலையோட டிரைவ் ஷாஃப்ட் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பின்னாடியும் சரிசமமா தூக்கணும். முடிஞ்ச கையோட வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டைக் கீழ இறக்கிடுங்க, எதிர்ல பைக்ல வர்றவன் பாவம். வாரன்டி, இன்ஷூரன்ஸ், மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு எல்லாத்தையும் தூக்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. மழைத் தண்ணிக்காகத் தூக்குறேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு: ஒரு இன்ச் தூக்கினா ஏர் இன்டேக்கும் ஒரே ஒரு இன்ச்தான் ஏறும்.

டயர் வழியும் இருக்கு. 215/60 ஆர்17-க்குப் பதிலா 215/65 போட்டா சுவர் உயரம் 129-லிருந்து கிட்டத்தட்ட 140 மில்லிமீட்டர் ஆகும். அதாவது 11 மில்லிமீட்டர் தரை இடைவெளி. ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் குறைச்சுக் காட்டும். சக்கர வளைவுல இடிக்குதான்னு ஸ்டியரிங்கை முழுசா திருப்பிப் பார்க்கணும்.

நாங்க கடைசியில செஞ்சது என்னன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை டேப் எடுத்துட்டு எங்க தேயுதுன்னு அளந்தோம். கீறல் எல்லாம் பின்பக்கம்தான். குடும்பமா அஞ்சு பேர் போகும்போது மட்டும்தான் இடிச்சிருக்கு. அஞ்சு வருஷத்துல பின் ஸ்பிரிங் ரெண்டும் தளர்ந்து, வண்டி காலியா நிக்கும்போதே பின்னாடி உட்கார்ந்திருந்துச்சு. கம்பெனி அளவுலயே புது ஸ்பிரிங் மாத்தினோம். மாத்தின அன்னிக்கே அளந்தேன், பின்னாடி 18 மில்லிமீட்டர் திரும்பி வந்திருந்துச்சு. முன்பக்கம் தொடவே இல்ல. இப்பவும் ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது தூக்கின வண்டி ரீல்ஸ் அனுப்பிட்டு, அந்த ரெண்டு இன்ச்சைப் பத்தித்தான் கேட்டுட்டு இருக்கான்.